கை நனைக்காத விருந்தாளி

“வேண்டாமுங்க. இப்பத்தானுங்க சாப்பிட்டு வந்தேன்.”

குரல் நாச்சிமுத்துவின் நெற்றியில் கட்டியிருந்த பட்டையிலிருந்து வந்தது. கனத்த, சிரிப்புக் கலந்த, கேட்டவர் மனம் கோணாத குரல். அவருடைய உதடு அசையவில்லை. பக்கவாதம் வந்து படுத்த நாளிலிருந்து அது பேச்சுக்கு அசைந்ததே இல்லை. எங்கோ போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதற்கு அவர் இந்தக் கட்டிலைவிட்டு இறங்கியதும் இல்லை.

அம்சவேணி கஞ்சிக் கிண்ணத்தை மூடி வைத்தாள். பட்டையின் ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுத்துவிட்டார் என்று பொருள். அடுத்த வேளை வரை அவரிடம் உணவைப் பற்றிப் பேசக்கூடாது.

கோபிச்செட்டிபாளையத்தில் இந்த வீட்டுக்கு அவள் வேலைக்கு வந்தது பட்டை வருவதற்கு முன்பு. நிறுவனம் அனுப்பிய வீட்டுப் பராமரிப்பாளர் என்று அடையாள அட்டை சொன்னது. தெருவில் ஹோம் நர்ஸ் என்றார்கள். புரட்டிப் படுக்க வைப்பது, முதுகில் புண் வராமல் பார்ப்பது, வெந்நீர்த் துணியால் உடம்பு துடைப்பது, சிறுநீர்ப் பையை மாற்றுவது, மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடுவது, எல்லாவற்றுக்கும் மேலாகப் புரையேறாமல் ஊட்டுவது. அப்போதெல்லாம் கரண்டியைக் கீழுதட்டில் வைத்துக் காத்திருப்பாள். உதடு திறந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அவர் நன்றாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மகள் வளர்மதி ஆசைப்பட்டுத்தான் பட்டையை வாங்கினாள். அப்பாவின் குரலை மறுபடி கேட்கலாம் என்றார்கள். கட்டிய அன்று அந்தக் குரல், “வா கண்ணு, நல்லா இருக்கியா?” என்று கேட்டதும் அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுவேளையிலிருந்து அவர் சாப்பிடவில்லை.

அம்சவேணி முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். உப்புக் கூடிவிட்டதா? சூடு போதவில்லையா? ராகியை விட்டு அரிசிக்குப் போனாள், அரிசியை விட்டு ஜவ்வரிசிக்குப் போனாள். கேட்கிற தொனி சரியில்லையோ என்று குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, “ஐயா, கஞ்சி குடிக்கறீங்களா?” என்று மெதுவாகவும் உரக்கவும் சொல்லிப் பார்த்தாள். எதற்கும் ஒரே பதில்தான் வந்தது. சில நேரம் “வயிறு நெறஞ்சிருக்குதுங்க”, சில நேரம் “எதுக்குங்க சிரமம்”. மூக்குக் குழாய் போட வந்த டாக்டரிடமும் பட்டை, “உங்களுக்கெதுக்குங்க தொந்தரவு” என்று சொல்லிவிட்டது. டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். கையில் ஏறும் சலைன் மட்டும் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. அதற்கும் நரம்பு கிடைக்காமல் முழங்கை வரை நீலம் பாரித்துக் கிடந்தது. பையில் சிறுநீர் டிகாஷன் நிறத்தில் இறங்கியது.

சட்டம் அவளுக்குப் புரியாததல்ல. வாய் பேச முடியாதவர்களின் தாடையைப் பிடித்துக் கரண்டியைத் திணித்த கொடுமைகள் வெளியே வந்து, நாடே கொதித்து, அதன் பிறகு வந்த சட்டம் அது. பட்டை சொல்வதே நோயாளியின் சொல். ஒருமுறை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். திரும்பக் கேட்டால் அதன் பெயர் வற்புறுத்தல். வற்புறுத்தியவருக்கு உரிமம் போகும். பயிற்சியில் இதைக் கேட்டபோது அவளே கைதட்டியிருக்கிறாள். அப்படித் திணிக்கிறவர்களோடு அவள் வேலை பார்த்திருக்கிறாள்.

“அப்பா முடிவு பண்ணீட்டாரு, வேணி,” என்றாள் வளர்மதி. ஈரோட்டில் ஜவுளி மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கிறவள். தினமும் பேருந்தில் போய்வந்து கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. “ஊரு ஊரா நடந்து ஆயிரம் கல்யாணம் முடிச்சு வெச்ச மனுசன். ஆய் மூத்திரத்துக்கு ஆள் வெச்சுக்கிட்டு எத்தன நாளைக்குக் கெடப்பாரு? அந்தக் காலத்து ராசாவுக வடக்கப் பாத்து உக்காந்து சோறு தண்ணியில்லாம உசுர விட்டாங்களாமே, அது மாதிரி.”

இருக்குமோ என்றுதான் அம்சவேணியும் நினைத்தாள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டாள்.

“ஏனுங்க்கா, ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கல. சாகறதுக்குத் துணிஞ்சவரு ‘வேண்டாம்’னுட்டுப் போக வேண்டியதுதானுங்களே? எதுக்கு ‘இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்’கறாரு? எங்க போய்ட்டு வாறாரு?”

வளர்மதிக்கு எப்படியோ சிரிப்பு வந்துவிட்டது. “அது அவரு தொழில் பேச்சு. எந்த வீட்டுக்குப் போனாலும் வாயத் தொறந்தா மொதல்ல அதுதான். தரகருல்ல?”

“அது எப்படிங்க பட்டைக்குத் தெரியும்?”

“அவரு பேசுனதெல்லாம் குடுத்தாத்தான் அவரு மாதிரி பேசும்னாங்க. அப்பா போற எடமெல்லாம் போன்ல பதிவு போட்டு வெச்சிருவாரு. பொண்ணு வீட்டுல எத்தன பவுனு சொன்னாங்க, மாப்பள வீட்டுல என்ன ஒத்துக்கிட்டாங்கன்னு பின்னால யாரும் மாத்திப் பேசக்கூடாதுல்ல. வருசக்கணக்கா இருந்துச்சு. அத்தனையும் தூக்கிக் குடுத்தேன்.”

“வீட்டுல உங்ககூடப் பேசுனது?”

“எங்ககூடப் பேசறதையெல்லாம் யாரு அம்மணி பதிவு பண்ணுவா?”

துடைத்த துணி அம்சவேணியின் கையிலேயே நின்றது. “ஒண்ணு போட்டுக் காட்டுங்க்கா,” என்றாள்.

வளர்மதி போனில் தேடி ஒன்றை ஓடவிட்டாள். ஏதோ ஒரு வீட்டுக் கூடம். மின்விசிறியின் கிரீச்சொலி. ஒரு பெண் குரல், “காப்பி எடுத்துக்கங்க தரகரே.”

“வேண்டாமுங்க. இப்பத்தானுங்க சாப்பிட்டு வந்தேன்.”

“அட, அரை டம்ளரு.”

“எதுக்குங்க சிரமம். பேச வந்ததப் பேசுவோம்.”

“எங்கூட்டு வாசப்படி ஏறீட்டு வெறும் வாயோட போனா எனக்கு மனசு ஆறாதுங்க.”

“சரிங்க. நீங்க இத்தன தூரம் சொல்றதுனால.” டம்ளர் வைக்கும் சத்தம். உறிஞ்சும் சத்தம். “காப்பி பிரமாதமுங்க.”

வளர்மதி அடுத்ததைப் போட்டாள். வேறு வீடு, வேறு குரல், அதே மூன்று படி. சில வீடுகளில் அவர் கடைசி வரை இறங்கவேயில்லை. சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைப்பது தரகுக்கு ஆகாது. முடிகிற இடமாக இருந்தால் மூன்றாம் தடவை இறங்குவார்.

“மூணு தடவ சொல்லாம கையில வாங்குனா அலையறான்னு நெனப்பாங்கன்னுவாரு,” என்றாள் வளர்மதி. “ரெண்டு தடவையோட நிறுத்தற வீட்டுல பொண்ணு எடுக்காதீங்கன்னும் சொல்லுவாரு.” சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

இருவரும் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார்கள். கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தன் சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில், யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளியைப்போல அவர் பட்டினி கிடந்தார்.

மறுநாள் நிறுவனத்தின் கண்காணிப்பாளர் ஆரோக்கியதாஸ் வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். அம்சவேணி சொன்னதை நின்றபடியே கேட்டார்.

“தாயி, பட்டை மனசப் படிக்கிற மந்திரம் இல்ல. ஆமாங்கற மாதிரி, இல்லங்கற மாதிரி மூளையில இருந்து மெலிசா ஒண்ணு கெடைக்கும். கரகரங்கிற ரேடியோ மாதிரி. மிச்சத்த அந்த மனுசன் பழசா பேசுனத வச்சு அதுவே நெரப்பிக்கிரும்.”

“அப்படீன்னா எது அவரு, எது பழைய பேச்சுங்க?”

“அதக் கேக்காத. எங்களுக்கே தெரியாது.”

“தெரியாமத்தான் மூணு வாரமாப் பட்டினி போட்டிருக்கறமுங்களா?”

ஆரோக்கியதாஸுக்கு முகம் சுருங்கியது. “நான் என்ன சட்டம் போட்டவனா? ஒரு வழி இருக்கு. வீட்டு வழக்கத் திருத்தம்னு ஒண்ணு. மக கையெழுத்துப் போட்டா, மூணு தடவ கேக்கலாம், மூணாவது சொல்லுதான் அவரு சொல்லுன்னு மாத்தி விட்டுருவேன். ஆனா ஒண்ணு. சோத்துக்கு மட்டும்னு பிரிச்சுப் போட முடியாது. பட்டைக்குச் சோறு எது, சொத்து எதுன்னு வித்தியாசம் தெரியாது. எதக் கேட்டாலும் மூணாவதுதான்.”

“போட்டு விடுங்க சார்,” என்றாள் அம்சவேணி. அப்போது அவளுக்கு அந்தக் கிண்ணத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. வளர்மதி கையெழுத்திட்டாள்.

அன்று சாயங்காலம் அம்சவேணி கஞ்சியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“ஐயா, கஞ்சி குடிக்கறீங்களா?”

“வேண்டாமுங்க. இப்பத்தானுங்க சாப்பிட்டு வந்தேன்.”

“ஒரு வாய்தானுங்க.”

“எதுக்குங்க சிரமம்.”

“என்ற கையால ஆக்கினதுங்க. நீங்க குடிக்காட்டி எனக்கு மனசு ஆறாது.”

பட்டை கொஞ்சம் தயங்கியது. “சரிங்க. நீங்க இத்தன தூரம் சொல்றதுனால.”

பச்சை விளக்கு எரிந்தது. கரண்டி உதட்டைத் தொட்டதும் வாய் திறந்தது. அவர் விழுங்குவதைத் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே ஊட்டினாள். “கஞ்சி பிரமாதமுங்க,” என்றது பட்டை. வளர்மதி அடுக்களை வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சலைன் ஊசி கழன்றது. பையில் சிறுநீர் தெளிந்தது. அம்சவேணி ஒவ்வொரு வேளையும் மூன்று முறை உபசாரம் பண்ணினாள். சும்மா கேட்டால் போதாது, தொனியில் உறவு இருக்க வேண்டும் என்று கண்டுகொண்டாள். “பழனி முருகன் மேல ஆணை” என்பாள், “உங்க பேத்தி கோவிச்சுக்குவா” என்று வளர்மதியின் மகளை இழுப்பாள். இரவு பாயில் படுத்தபின் மட்டும் ஒரு சந்தேகம் எட்டிப் பார்க்கும். அவருக்குப் பசித்துத்தான் குடிக்கிறாரா, நான் கேட்டதற்காகக் குடிக்கிறாரா? உடம்பு தேறுகிறதே, அப்புறம் என்ன என்று புரண்டு படுத்துக்கொள்வாள்.

உடம்பு தேறியது. நோய் தேறவில்லை. கை கால் வராது, பேச்சு வராது, வருடக்கணக்கில் இப்படியே கிடப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் வளர்மதிக்குக் கடையில், இனி விடுப்புக் கேட்டால் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் வீட்டுக்குள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பா பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். அம்சவேணி கவனித்தாள், கவனித்துவிட்டு இரவுக் கஞ்சி கரைக்கப் போனாள்.

மறுநாள் காலை அம்சவேணி அடுக்களையில் கஞ்சி வடிகட்டிக்கொண்டிருந்தாள். உள்ளறையிலிருந்து வளர்மதியின் குரல் தாழ்ந்து கேட்டது.

“அப்பா, இப்படிக் கெடந்து சீரழியறது உங்களுக்குப் போதும்னு இருக்குதுங்களா? விட்டுரலாமுங்களா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. நல்லாத்தான் இருக்கேன்.”

“என்கிட்ட மறைக்காதீங்கப்பா. உங்களுக்கு வலிக்குது. எனக்குத் தெரியும். போதுமுங்களா?”

“உனக்கெதுக்குக் கண்ணு கவலை.”

அம்சவேணி வடிகட்டியை அப்படியே போட்டாள். அவள் ஓடினாள். வாசற்படியை மிதிக்கும்போதே வளர்மதியின் உடைந்த குரல் வந்துவிட்டது.

“சொல்லுங்கப்பா. நீங்க சொன்னாத்தான் என்ற மனசு ஆறும்.”

பட்டை கொஞ்சம் தயங்கியது.

“சரி கண்ணு. நீ இத்தன தூரம் சொல்றதுனால.”

பச்சை விளக்கு எரிந்தது.

“அக்கா, அது அவரில்லீங்க!” அம்சவேணி கத்தினாள். “மூணு தடவ கேட்டா எதுக்கும் சரிங்கும்! நாளைக்கு என்னைக் கட்டிக்கறீங்களான்னு நான் கேட்டாலும் சரிங்கும்!”

“நீங்க கஞ்சிக்குக் கேட்டப்ப மட்டும் அது எங்கப்பாவா இருந்துச்சு,” வளர்மதி திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். “நான் கேட்டா மட்டும் மெசினா?”

வளர்மதி கேட்டது சரிதான். அதுதான் அவளைக் கொன்றது.

அம்சவேணி கொல்லைக்குப் போய் ஆரோக்கியதாஸைப் போனில் கூப்பிட்டாள். பட்டையிலிருந்து அவருக்கு முன்பே செய்தி போயிருந்தது. “அவரு உசுர விடச் சம்மதிச்சதாப் பதிவாயிருச்சு தாயி. கொஞ்ச நேரத்துல டாக்டர் வந்து பாத்துக் கையெழுத்துப் போடுவாரு. அதுக்கப்புறம் சோத்தப் பத்தி யாரும் கேக்கக் கூடாது. உதட்ட நனைச்சு விடலாம், வலிக்கு மருந்து குடுக்கலாம், அவ்வளவுதான்.”

“திருத்தத்த எடுத்துருங்க சார்.”

“எடுத்தா முன்னால மாதிரி ஒரே தடவதான் கேக்கலாம். அப்பவும் சாப்பிட மாட்டாரு. எப்படிப் பாத்தாலும்…” அவர் முடிக்கவில்லை. “இந்தத் திருத்தம் நீ கேட்டு வாங்குனதுதானம்மா,” என்று மட்டும் சொன்னார். குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் ஆழமாக இறங்கியது.

அவள் கொல்லையில் துவைகல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டலாமா? கூட்டி என்ன சொல்வது? எனக்குச் சாதகமாகப் பேசினால் மனிதர், பாதகமாகப் பேசினால் இயந்திரம் என்றா? இத்தனை நாளும் அவள் பார்த்துக்கொண்டிருந்தது விளக்கைத்தான். சிவப்பா, பச்சையா என்று. உதட்டை எப்போது கடைசியாகப் பார்த்தாள் என்று நினைவில்லை.

வளர்மதி குளிக்கப் போயிருந்தாள். அம்சவேணி உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நாச்சிமுத்துவின் தலையைத் தூக்கி, பட்டையின் கொக்கியைக் கழற்றினாள். கழற்றியதற்கே உரிமம் போகும். பட்டை இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. அதைத் தலையணைக்கு அடியில் திணித்துவிட்டு, கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, மோவாய் நெஞ்சைப் பார்த்துத் தாழும்படி துண்டைச் சுருட்டிக் கொடுத்தாள். கிண்ணத்தை அவர் மடிமேல் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கரண்டியைக் கீழுதட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

உதடு திறக்கவில்லை. இவ்வளவுதானா, வளர்மதி சொன்னதுதான் சரியா? ஆனாலும் கரண்டியை எடுக்கவில்லை. தள்ளவும் இல்லை. முன்பெல்லாம் எவ்வளவு பொறுத்திருப்பாள் என்பது கைக்கு நினைவிருந்தது.

அப்புறம் உதடு திறந்தது.

விழுங்கினார். அடுத்த கரண்டிக்குச் சீக்கிரமாகவே திறந்தது. அதற்கடுத்ததற்குக் கரண்டி வருமுன்பே திறந்து காத்திருந்தது. அவள் அழுதுகொண்டே ஊட்டினாள். கிண்ணம் பாதிக்கு இறங்கியபோது, போர்வைமேல் கிடந்த அவருடைய இடது கை நகர்ந்தது. சும்மா துடிக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்த கை. அது மெல்ல மெல்ல ஊர்ந்து வந்து, விளிம்பில் ஏறி, உள்ளங்கை கீழே பார்க்கக் கிண்ணத்தை மூடிக்கொண்டது. பந்தியில் வயிறு நிறைந்தவர் பரிமாற வருகிறவனை நிறுத்த இலைக்குமேல் விரிக்கிற கை.

கதவு திறந்தது. ஈரத் தலையோடு வளர்மதி நின்றாள். பட்டையில்லாத நெற்றியைப் பார்த்தாள். கிண்ணத்தை மூடிய கையைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் எழுந்து, அப்படியே கரைந்து போனது.

“பாத்தீங்களா வேணி?” என்றாள். “பட்டை இல்லாமயே வேண்டாங்கறாரு. இனி என்ன சாட்சி வேணும் உங்களுக்கு?”

“இல்லீங்க்கா! சாப்பிட்டுட்டுப் போதும்ங்கறாரு. பாதிக் கிண்ணம் குடிச்சிருக்காருங்க. அவராவே வாயத் தொறந்தாருங்க.”

“நீங்க திணிச்சிருப்பீங்க.”

“என்ற புள்ள மேல சத்தியமுங்க.”

வளர்மதி கட்டிலருகே வந்தாள். “அப்ப இன்னொரு வாய் குடுங்க. என்ற கண்ணு முன்னால அவரா வாயத் தொறக்கட்டும். வர்ற டாக்டர வாசலோட திருப்பி அனுப்பிடறேன்.”

ஒரு கரண்டி. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. கரண்டியில் கொஞ்சம் கஞ்சி மிச்சமிருந்தது. அம்சவேணி அதைக் கீழுதட்டில் வைத்தாள். உதடு இறுகியது.

“ஒரு வாய்தானுங்க ஐயா.”

கிண்ணத்தின்மேல் கை இன்னும் அழுந்தியது.

“ஐயா, உங்க காலப் புடிச்சுக் கேக்கறனுங்க. எனக்காக. இந்த ஒண்ணே ஒண்ணு.” தெரிந்த ஆணையெல்லாம் இட்டாள். பழனி முருகன் வந்தான், பேத்தி வந்தாள். நாச்சிமுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தயவு இருந்தது. உதடு திறக்கவில்லை.

தெருவில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

“திணிக்காதீங்க. போதும் வேணி,” என்றாள் வளர்மதி, ஏறக்குறைய அன்பாக. “விட்டுருங்க.”

அம்சவேணி கரண்டியைக் கீழே வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. அவள் நிமிர்ந்து வளர்மதியைப் பார்த்தாள்.

“மூணு தடவ கேட்டுட்டனுங்க்கா. அதுக்கு மேலயும் கேட்டுட்டேன். மசியல பாருங்க. மனசுல இல்லாததுக்கு இவரு எத்தன தடவ கேட்டாலும் சரிங்க மாட்டாரு.” கிண்ணத்தை மூடிய கையைக் காட்டினாள். “அப்ப, காத்தால உங்களுக்குச் சரின்னது யாருங்க்கா?”

வளர்மதி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் அழைப்புமணி அடித்தது. அவள் நகரவில்லை. அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோல் சுருங்கி, நரம்பு புடைத்து, கிண்ணத்தை மூடியபடி அது உறுதியாக இருந்தது.

மணி மறுபடியும் அடித்தது.